உன் ராகிக் கூழ்

அக்கா,

நேற்று ஹரி ராயா, நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வாழையிலையில் கட்டி நாலு பொட்டலம் தாப்பாய் கொடுத்தனுப்பினாள். பிரித்தேன். அவித்த மரவள்ளி மூன்று நாள் புளித்த வாசம் குப்பென்று அடித்தது. "அடி ஆத்தி, அக்காவோட ராகி!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்ன அத்தை?" என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? ஒன்றுமில்லை என்றேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இந்தச் சிரம்பானில் இத்தனை வீடு, இத்தனை சனம். ராகி என்று சொன்னால் கூடச் சேர்ந்து சிரிக்க ஒரு ஆள் இல்லை.

சப்பான்காரன் காலத்தில் சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். வேலை முடிந்ததும் நம் ஆம்பிளைகள் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார்கள். அதுவரை நமக்குக் கள் என்றால் சண்டைதான். பிறகு பயமாகிவிட்டது. அடுத்த தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் லாரியை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். "போகாதீங்கன்னா கேக்குற சாதியா இதுங்க? வாய்க்கு வேற ஒண்ணு குடுக்கணும்டி" என்றாய்.

முதலில் சுக்குத் தண்ணீர் வைத்தாய். நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டார். அப்புறம் மரவள்ளிக் கஞ்சியில் புளி கரைத்து, மத்தால் கடைந்து நுரை வரவைத்தாய். என் வீட்டுக்காரர் நுரையை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, "நொரை இருக்கு, கள்ளு எங்க?" என்றார். அன்றைக்கு உனக்கு வந்த கோபம்!

கடைசியில் உனக்குச் சேலத்து ஞாபகம் வந்தது. உன் அப்பா கள்ளை விட்டதே புளித்த ராகிக் கூழால்தானாம். நாங்கள் கேப்பை என்போம், நீ மட்டும் ராகி என்பாய். கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒருத்தியிடம் உன் கல்யாணச் சேலையைக் கொடுத்து, "ராகி ஆடா?" என்று கேட்டாய். "ஆடா", இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனவள், வெள்ளையாகப் பத்து வில்லைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ராகி வெளுப்பா இருக்கேக்கா?"

"சப்பான் காலத்துல எதுதான்டி நெறத்தோட இருக்கு?"

மரவள்ளிக் கூழில் ஒரு வில்லையைப் பொடித்துப் போட்டு மூன்று நாள் மூடி வைத்தோம். ஆளுக்கு ஒரு போகணி. கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்; இவர் கோழிக்கூண்டைப் பார்த்து இடுப்பை வளைத்துச் சப்பான் வணக்கம் வைக்கிறார்! மறுநாள் கம்பத்துக்காரி சொல்லித்தான் தெரிந்தது, அவர்கள் பாஷையில் ராகி என்றால் தாப்பாய் புளிக்கவைக்கிற மருந்து. கள்ளை நிறுத்தப் போய் வீட்டிலேயே கடை திறந்துவிட்டோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்து நீ சொன்னாய்: "இருக்கட்டும்டி. சயாமுக்குப் போறதுக்குப் பதிலா லயத்துல போதையா கெடக்கட்டும். அடுத்த பானைக்குப் பாதி வில்லை போடுவோம். அப்புறம் கால். அப்புறம் வெறுங்கூழ். அவங்களுக்கே தெரியாம எறக்கிருவோம்."

அந்த அடுத்த பானை.

அன்று நீ விறகுக்குப் போனாய். "ஆளுக்கு ஒண்ணு ஊத்திரு" என்று பானையை என்னிடம் விட்டுப் போனாய். என் வீட்டுக்காரர் முதலில் வந்தார். ஒரு போகணி குடித்துவிட்டு, பத்தவில்லை, கடைக்கே போகிறேன் என்று துண்டை எடுத்தார். பானையில் மிச்சமிருந்தது அண்ணன் பங்கு. அதையும் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். குடித்தவர் பாயில் சாய்ந்தார்.

அண்ணன் வந்து, "என்ன தங்கச்சி, நம்ம பங்கு எங்க?" என்றார். கழுவி வைத்த பானையைக் காட்டி, "கெட்டுப்போச்சுண்ணே, கொட்டிட்டேன்" என்றேன். "சரி விடு, பழைய கோயிலுக்கே போறேன்" என்று சிரித்துக்கொண்டு கள்ளுக்கடைப் பக்கம் நடந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் உள்ளே வந்து உட்காருவார், படுத்திருப்பவரைப் பார்ப்பார். லாரி அன்றைக்குத்தான் வந்தது.

கூழ் கெட்டுவிட்டது, என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். நம்பினாய்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து வந்தவர்கள் வந்தார்கள், அண்ணன் வரவில்லை. "பாவி நான். என் கூழு கெடாம இருந்திருந்தா அந்த மனுசன் வாசலத் தாண்டியிருக்க மாட்டாரு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும்போது யார் கூப்பிட்டாலும் நீ பானையைத் தொட்டதில்லை. "என் கை பட்டா கெட்டுப்போகும்டி, நீ கிண்டு" என்பாய். வருஷா வருஷம் உன் கண் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு கிண்டினேன். சொன்னால் என்னோடு பேச மாட்டாயோ என்று பயம். நீ பேசாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்போது சொல்லாமலேயே தனியாகிவிட்டேன்.

பொட்டலங்கள் மேசைமேல் அப்படியே இருக்கின்றன. வரும் ஆடிக்கும் கூழ் கிண்டும் துடுப்பை என் கையில்தான் கொடுப்பார்கள். ஒரு வரி சொல்ல எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை, அக்கா. அன்றைக்கு உன் கூழ் கெடவில்லை. நுரை கட்டி, நன்றாகத்தான் வந்திருந்தது.