லயம் என்று ஒரு பெயர்ப்பலகை

டீச்சர்,

பிள்ளைகள் முன்னால் நாம் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். வகுப்புக் கதவைத் தாண்டினால் நீ, நான். போய்ச் சேர்ந்துவிட்டவளுக்கு எழுதும்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாய்க்குப் பழகினதையே எழுதிவிட்டேன்.

இன்றைக்குக் கணினி அறை அலுமாரியைச் சுத்தம் செய்தோம். புதிதாக வந்திருக்கும் டீச்சர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து, "இத வீசிறவா டீச்சர்?" என்று கேட்டாள். வாங்கிப் பிரித்தேன். நம்முடைய சின்ன ஸ்பீக்கர். சுற்றியிருந்தது உன் கைக்குட்டை. அதில் இன்னமும் யூகலிப்டஸ் எண்ணெய் மணக்கிறது. உனக்குத் தலைவலி வராத நாள் ஏது? நெற்றியில் தடவி, மூக்கில் தடவி, மிச்சத்தைக் கைக்குட்டையில் நனைத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாய். "டீச்சர் வர்றதுக்கு முந்தியே டீச்சரு வாசம் வந்துரும்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெண் விழித்தாள். சளி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதுவும் உன் கைக்குட்டையிலேயே.

அந்த ஸ்பீக்கரில்தான் நமக்குத் திருச்சி பேசியது. கொரோனாவில் மூடின பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த சமயம். போனில் பாடம் நடத்திப் பழகிவிட்டோம், அதை ஏன் சும்மா விடவேண்டும் என்று உனக்கு ஒரு யோசனை வந்தது. இலங்கையில் நம் ஏழாம் வகுப்பையும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏழாம் வகுப்பையும் சேர்த்து உட்கார வைக்கப் போகிறேன் என்றாய். நான் சிரித்தேன்.

"இங்கேருந்து தெமோதரைக்கே சிக்னல் எடுக்கல. நீ திருச்சிக்குப் பேசப் போறியா?"

"தெமோதரைக்குத்தான் நடந்து போயிரலாமே. நடந்து போக முடியாத எடத்துக்குத்தான் போன் வேணும்."

திருச்சி எதற்கு என்று கேட்டேன். "நம்ம பாட்டன் பூட்டன் ஊருங்கிறாங்க. போய் பாப்போமே, டிக்கட்டா எடுக்கப் போறோம்" என்றாய். உன்னோடு பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

எங்கேயோ விசாரித்து, திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு நல்ல மனிதரைப் பிடித்தாய். நிதானமாகப் பேசுகிற சார். இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை என்று ஜோடி சேர்த்தோம். இரண்டு பேரும் சேர்ந்து 'எங்கள் காலை' என்று ஒரு குட்டிப் புத்தகம் எழுத வேண்டும், இணையத்திலேயே. ஒருத்தர் எழுதுவதைப் படித்து மற்றவர் கேள்வி கேட்க வேண்டும், படம் வரைய வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வகுப்பும் முகம் பார்த்துப் பேசும். நம் கணினி அறையில் ஒரே ஒரு ஜன்னலில்தான் சிக்னல் நிற்கும் என்பதால் போனை அந்தக் கம்பியில் ரிப்பனால் கட்டி வைப்பாய். மழை பிடித்தால் திருச்சி போய்விடும்.

இரண்டு பக்கமும் தமிழ்தானே, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நாம் நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதியில் முதலில் கல்லைப் போட்டது நம் சசிகுமார். 'காலையில் எழும்பியதும் சாயத்தண்ணி குடிப்பேன்' என்று எழுதிவிட்டான். பால் ஊற்றாத தேத்தண்ணிக்கு நம் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? அந்தப் பக்கத்துப் பையனோ, துணிக்குப் போடுகிற சாயத்தைக் குடிக்கிறார்கள் என்று நினைத்து வகுப்பையே கூட்டிவிட்டான். அன்று சாயந்தரம் சாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க. பசங்க ஏதோ சாயம் கலந்த தண்ணி குடிக்கிறாங்களாமே. வயித்துக்கு ஆகாதுங்களே." பஸ் நிலையத்தில் நின்று அதைக் கேட்டோம். நீ சிரித்த சிரிப்பில் மொனராகலை பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொன்னாய்: "அது துணிக்கு இல்ல சேர், தொண்டைக்கு."

அடுத்த வார்த்தை அப்படிச் சிரிப்போடு போகவில்லை.

பவித்ராவை உனக்கு மறக்காது. ஒல்லியாக, எப்போதும் கடைசி வாங்குப் பலகையில், கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை. அவளுக்கு அந்தப் பக்கம் யாழினி என்று ஒரு வாயாடி. 'எங்கள் வீடு தோட்டத்தில் இருக்கிறது. லயத்தில் கடைசி வீடு' என்று பவித்ரா எழுதினாள். தேயிலைத் தோட்டத்தையே பார்த்திராத யாழினிக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம். லயம் என்றால் அகராதியில் பாட்டுக்கான லயம். ஒரு வாரம் உட்கார்ந்து அவள் படம் வரைந்து அனுப்பினாள். தனி வீடு. சுற்றிலும் ரோஜா. வாசலில் ஊஞ்சல். கேட்டில் அழகான பெயர்ப்பலகை, அதில் 'லயம்'. அடியில், 'உன் வீட்டுப் பெயர் ரொம்ப அழகு' என்று எழுதியிருந்தாள்.

பவித்ரா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பதில் எழுதினாள்: 'ஆமாம். ஊஞ்சலில் நான்தான் ஆடுவேன். தம்பியை விடமாட்டேன்.'

அதற்குப் பிறகு அந்த வீடு வளர்ந்தது. மாடி வந்தது, மீன் தொட்டி வந்தது. மற்றப் பிள்ளைகளும் விடுவார்களா? ஆளுக்கொரு பூந்தோட்டம் போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம்.

"பொய்ய எழுத விட்டுட்டு பாத்துக்கிட்டு இருக்கியே, நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

"விடு. கொஞ்ச நாளு அந்த வீட்டுல இருந்துட்டு வரட்டும்."

"வெளிய வரும்போது யாரு பதில் சொல்றது?"

நீ நெற்றியில் எண்ணெய் தடவிக்கொண்டாய்.

வெளியே வரவேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. புத்தகம் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை அவரவர் வீட்டிலிருந்தே பேசி வீட்டைச் சுற்றிக் காட்டலாம் என்று சார் ஆசையாகச் சொன்னார். மறுநாளிலிருந்து பவித்ரா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வழியில் அவள் அம்மாவைப் பிடித்துக் கேட்டோம். "வயித்து வலிங்கிறா டீச்சர். இனிமே ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு ஒரே புடிவாதம். கொழும்புல அவ சின்னம்மா வேல செய்யிற வீட்டுல ஒரு புள்ள வேணுமாம். அனுப்பிறலாமான்னு பாக்குறோம்" என்றாள். அந்த வாக்கியத்தின் அர்த்தம் நம் இரண்டு பேருக்கும் தெரியும். கொழும்புக்குப் போன எந்தப் பிள்ளையும் அதே வகுப்புக்குத் திரும்பி வந்து நாம் பார்த்ததில்லை. ஒரு படத்தால் ஒரு பிள்ளை போகப் பார்த்தது.

பதுளைக்குப் பஸ் ஏறினோம். இறங்கும்போது சொன்னாய்: "சனிக்கெழம நீ போனை எடுத்துக்கிட்டு அந்தப் புள்ள வீட்டுல போயி உக்காரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"நீ எங்க இருப்ப?"

"எங்க வீட்டுல."

உன் வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? யார் கேட்டாலும் "லுணுகலை" என்பாய். டவுன் பேரைச் சொன்னால் கேள்வி அதோடு நின்றுவிடும். தோட்டத்தின் பேரைச் சொன்னால் கேட்டவர் நம்மை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார். நம் பக்கத்தில் படித்து வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பழகிப்போன வித்தை அது. நான் பதுளை பஜாரில் கடை வைத்திருப்பவர் மகள், கடைக்கு மேலேயே வீடு, எனக்கு அந்த வித்தை தேவைப்பட்டதில்லை. நீ வாரநாளில் பதுளையில் வாடகை அறையில் இருப்பாய், வெள்ளிக்கிழமை லுணுகலை பஸ் ஏறிவிடுவாய். டவுனில் வீடு என்றே நினைத்திருந்தேன். எத்தனையோ பொங்கல் போயிற்று, ஒரு தடவையும் நீ என்னை வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு உள்ளூரக் கோபம் கூட இருந்தது.

சனிக்கிழமை பவித்ராவின் லயத்துக்குப் போனேன். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பிள்ளை உள்ளே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். நான் இஸ்தோப்பில், வாசலை ஒட்டிய அந்தச் சின்ன முன்கட்டில், உட்கார்ந்து போனைப் போட்டேன், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். திருச்சிப் பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து கட்டம் கட்டமாகத் திரையில் தெரிந்தார்கள். அப்புறம் நீ வந்தாய்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிற அதே கஞ்சி போட்ட சேலை. பின்னால் புகை ஏறிக் கறுத்த சுவர். கொடியில் துணி. மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வணக்கம் புள்ளைங்களா. இதுதான் நான் பொறந்த வீடு. இப்பவும் இருக்கிற வீடு. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒட்டி ஒட்டி வீடு இருக்கும். வெள்ளக்காரன் லைன்னு சொன்னான், எங்க வாயில அது லயமாயிருச்சு. பாட்டு லயம் இல்ல."

"அப்ப தோட்டம் டீச்சர்?" என்று அந்தப் பக்கம் ஒரு குரல்.

"தேயிலத் தோட்டம் கண்ணு. பூப்பறிக்க இல்ல, கொழுந்து பறிக்க. எங்கம்மா பறிச்சுத்தான் நான் டீச்சரானேன்."

உன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. படம்தான் நிற்காமல் ஆடியது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "யாரு புள்ள வந்திருக்கிறது?"

"திருச்சிக்காரங்க, அக்கா."

"எம்புட்டு பேரு? தேத்தண்ணி ஊத்தவா?"

இரண்டு நாட்டிலும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பக்கத்து வீட்டுல பேசுறது எல்லாம் கேக்குமா டீச்சர்?" என்றாள் யாழினி. "கேக்கும். அவங்க மொளகா வறுத்தா நாங்க தும்முவோம்" என்றாய். "எங்க காலனிலயும் அப்படித்தான். பக்கத்து வீட்டு டிவியிலதான் நாங்க பாட்டு கேப்போம்" என்று அவள் சாவகாசமாகச் சொன்னாள்.

என் தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பவித்ரா போர்வையோடு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"யாழினி, ஊஞ்சல் பொய்."

"மீன் தொட்டி?"

"அதுவும்."

"ரோஜாவுமா?"

"ரோஜா இருக்கு. மாப் பேணியில. காட்டவா?"

பால்மா வந்த தகரப் பேணியில் நட்ட அந்த ஒற்றைச் செடியைக் காட்ட அவள் ஓடினாள். போர்வை வாசலிலேயே விழுந்து கிடந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்தாள். கொழும்புப் பேச்சு அதன்பிறகு அடிபடவில்லை. இப்போது பதுளையில் உயர்தர வகுப்பு படிக்கிறாள். யாழினியோடு இன்னமும் சண்டையும் சமாதானமுமாகப் போகிறது.

அந்தத் திங்கட்கிழமை நீ என்னிடம் சொன்னதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. "அந்தப் புள்ளைக்காகத்தான்னு நெனச்சிறாத. எனக்கும் சொமந்து சொமந்து தோளு வலிச்சுப் போச்சு." பிறகு முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம அம்மாவ சோறாக்கச் சொல்லியிருக்கேன். வர்றியா?" என்றாய். வந்தேன். கருவாட்டுக் குழம்பும் பலாக்கொட்டையும். உன் அம்மா என் தட்டு காலியாகவே விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு. எனக்கு உன்னைவிட உன் அம்மாவைத்தான் பிடிக்கும் என்று நீ குறைப்பட்டுக்கொள்கிற அளவுக்கு வந்தேன்.

உன் தலைவலி எண்ணெயில் தீருகிற வலி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வெகுநாள் இருக்கவில்லை. செய்தி கேட்டு சார் அங்கே பழைய பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு இருந்தோம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. இந்த வருஷம் மலேசியாவிலும் ஒரு வகுப்பு சேர்ந்திருக்கிறது. புது டீச்சர் பிள்ளைகளுக்குப் பின்னால் அழகாக இருக்கட்டும் என்று நீலத் துணி ஒன்றைக் கட்டினாள். கழற்றச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். இன்னொரு நாளைக்கு உட்கார வைத்து உன் கதையைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைதோறும் உன் போனிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு வருகிறது. உன் அம்மாதான். என் படத்தைத் தொட்டால் நான் வருவேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போனை முகத்துக்கு நேரே பிடிக்க அவருக்கு வரவில்லை. மல்லாக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். திரை முழுக்கக் கூரைத் தகரம்தான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நீ அத்தனை வருஷம் ஒளித்து வைத்த கூரை. எந்த ஆணி துருப்பிடித்திருக்கிறது, எங்கே ஒழுகும் என்றெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "தெரியுதா மகளே?"

"தெரியுதும்மா. நல்லா தெரியுது" என்பேன்.