ஒன்றும் இடாத பாத்திகளில் ஆட்டெரு

அனுப்புநர்
பா. மர்வா,
மண்ணியல் ஆய்வு மாணவி,
மேலப்பாளையம்,
திருநெல்வேலி.

பெறுநர்
வனக்கோட்ட அலுவலர் அவர்கள்,
கல்லாத்துப்பாறை வனக்கோட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: காட்டு மண் ஆய்வுப் பாத்திகளில் அனுமதியின்றி ஆட்டெரு இட்டதற்காக நிறுத்தப்பட்ட தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர் திரு. கொம்பையாவை, மழைக்கு முன் மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

1. தங்கள் துறையின் அனுமதியுடன் மலையடிவாரக் காட்டில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறித்து இரண்டு ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறேன். கோடையில் உதிர்ந்த இலைகள் காய்ந்து கிடக்கும்போது அவற்றிலுள்ள தழைச்சத்தும் அவற்றோடு முடங்கிக் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் மண்ணின் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு அதை மரங்களுக்குப் பரிமாறத் தொடங்கும். வேர்கள் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு பங்கை ஐப்பசி மழை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். இதற்கு நடுவில் நாமும் கொஞ்சம் உரம் இட்டால் காடு அதை என்ன செய்யும் என்பதே என் கேள்வி.

2. இதற்காகக் காட்டுக்குள் கயிறு கட்டிச் சதுரப் பாத்திகள் அமைத்தேன். சிலவற்றில் யூரியா இட்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலவற்றில் ஒன்றும் இடவில்லை. ஒன்றும் இடாத பாத்தியில் ஒன்றும் இடக்கூடாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான் யாரிடமும் அதைத் தனியாகச் சொல்லிவைக்கவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவும் இல்லை.

3. அப்பகுதியின் காவலர் திரு. கொம்பையா. உதிரும் சருகைப் பிடிக்க நான் வைத்த வலைகளைக் குரங்குகள் கவிழ்த்தால் நிமிர்த்துவது, முள்ளம்பன்றி கடித்த கயிற்றை முடிச்சுப் போடுவது எல்லாம் அவராக எடுத்துக்கொண்ட வேலைகள். மழை பெய்த மறுநாளே மண் எடுத்தாக வேண்டும். மேலப்பாளையத்தில் வெயில் கொளுத்தும்போது மலையடியில் மழை என்பது எனக்கு எப்படித் தெரியும்? “யம்மா, மழ எறங்கிட்டு. பைய வராத, ஓடி வா” என்று அவர் அலைபேசியில் கூப்பிடுவார். பின்னால் மழைச் சத்தமும் கேட்கும். அடுத்த பேருந்தில் நான் ஏறிவிடுவேன்.

4. கடந்த தை மாதம் எடுத்த மண்ணில் ஒரு வியப்பு காத்திருந்தது. யூரியா இட்ட பாத்திகளைவிட, ஒன்றும் இடாத பாத்திகளில் தழைச்சத்து கூடுதலாக இருந்தது. மறுபடி சோதித்தும் அதே விடை. என் நெறியாளர் பேராசிரியர் விஜயஸ்ரீ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உலகம் அறியாத ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

5. பிறகு காட்டுக்குப் போய்ச் சருகை விலக்கிப் பார்த்தபோது, அடியில் பாதி மக்கிய புழுக்கைகள் கிடந்தன. முதலில் மிளா மானைச் சந்தேகித்தேன். ஆனால் எந்த மிளாவும் கயிற்றுக்கு வெளியே ஒன்றுகூடச் சிந்தாமல், மூலை முடுக்கெல்லாம் பரவலாகப் போட்டுவிட்டுப் போகாது. திரு. கொம்பையாவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

“யம்மா, நீ அங்கன நிக்க மரத்துக்கு மட்டும் சோறு போடுத. இங்கன நிக்கது வாயப் பாத்துக்கிட்டு நிக்கு. எனக்குப் பொறுக்கல. மச்சான் ஆட்டுக் கெடையில புழுக்கை கேட்டு வாங்கியாந்து தூவிட்டேன். கொறச்சலாத்தான் போட்டேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதைக் குறைவாக ஏதும் பேசிவிடக் கூடாதே என்று ஓடைக்கரை வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் அவர் பாத்திக்குள் குந்தியபடி, மக்காத புழுக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது.

6. பேராசிரியர் விஜயஸ்ரீ இதைக் கேட்டு, “சரி, அதை ஆட்டெருப் பாத்தி என்று எழுது, வேறு இடத்தில் புதிதாகக் கயிறு கட்டு” என்றார். அவ்வாறே செய்தேன். யூரியாவில் பெரும்பகுதி மழையோடு போய்விட்டது. ஆட்டெருவிலிருந்தது மெல்ல மெல்ல இறங்கித் தை வரை மண்ணில் தங்கியிருந்தது என்பதே எங்கள் இப்போதைய ஊகம். இதற்காகத் திரு. கொம்பையாவுக்கு அறிவியல் தெரியும் என்று நான் வாதிடவில்லை. அவருக்குத் தெரியாது. என் ஓராண்டு ஒப்பீடு வீணானதும் உண்மை. அவர் செய்தது இரக்கத்தால் மட்டுமே.

7. நடந்ததை என் அரையாண்டு அறிக்கையில் ஒரு வரியாகக் குறிப்பிட்டேன். அது புகார் அன்று. ஆனால் பங்குனியில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வனவரைப் பார்த்துக் கேட்டதற்கு, “ரிசர்வ் காட்டுக்குள்ள வெளிப்பொருளக் கொண்டு போயிருக்காரு. விதின்னா விதிதாம்மா” என்றார். விதியை நான் குறை கூறவில்லை. ஆனால் அதே காட்டுக்குள் யூரியாவைச் சாக்கில் சுமந்து சென்றவள் நான். என்னிடம் அனுமதிக் கடிதம் இருந்தது, அவரிடம் இல்லை. பாதிக்கப்பட்டது என் ஆய்வு. எனக்கோ அவர்மீது புகார் எதுவும் இல்லை. அப்படியிருக்க அவர் எதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதே இம்மனுவில் நான் முறையிடும் குறை.

8. அவருக்குப் பதிலாக வந்தவருக்கு இன்னொரு பகுதியும் பொறுப்பு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வாண்டுச் சாரலின் முதல் மழை பெய்து ஐந்தாம் நாள்தான் எனக்குச் செய்தி வந்தது. அந்த மண் இனி அடுத்த ஆண்டுதான் கிடைக்கும்.

9. சென்ற வாரம் திரு. கொம்பையாவை வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் பார்த்தேன். விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலை. “காட்டுல நிக்கது ஒண்ணும் ஹாரன் அடிக்காதும்மா” என்று சிரித்தார். என்மீது வருத்தமா என்று கேட்டேன். “வெட்பாலை மரமெல்லாம் தளுத்துட்டா?” என்று கேட்டார். தளிர்த்துவிட்டது என்றேன். “எந்தப் பாத்தியில?” என்றார். எல்லாவற்றிலும்தான் என்றதும், ஒரு காரை விசில் ஊதாமலே உள்ளே விட்டுவிட்டார்.

10. ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அவரை அதே பகுதியில் மீண்டும் பணியமர்த்த ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இனி என்னைக் கேட்காமல் எந்தப் பாத்தியிலும் எதையும் இடமாட்டேன் என்று எனக்கு வாக்களித்துள்ளார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. பதிலுக்கு என்னிடமும் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

11. எனவே, இத்துடன் இரண்டாவது அனுமதியொன்றும் கோருகிறேன். ஆய்வு முடிந்து கயிறுகளை அவிழ்க்கும் நாளில், ஒன்றும் இடாத பாத்திகளுக்குத் திரு. கொம்பையா தம் கையால் ஒரு முறை ஆட்டெரு இட அனுமதிக்க வேண்டும். அந்த மரங்களுக்கு அது தேவையில்லை என்று அறிவியல்படி என்னால் நிறுவ முடியும். இருப்பினும் அனுமதியுங்கள், அம்மையீர்.

தங்கள் ஆணைக்கும் மழைக்கும் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பா. மர்வா

இடம்: திருநெல்வேலி
நாள்: 11.09.2025