டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிகள்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று குழுக் கூட்டம். டாக்டர் வீட்டை அருங்காட்சியகமாகவே வைத்திருப்பதா, இழுத்து மூடுவதா என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் வருவதில்லையாம். சாமான்களைப் பெரிய அருங்காட்சியகத்தின் கிடங்குக்கு அனுப்பிவிடலாமாம். கிடங்கு! இருபத்திரண்டு வருடமாக நான்தான் இந்த வீட்டின் பொறுப்பாளர். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா? எழுந்துவிட்டேன்.

"சாயங்காலத்துல விருந்துக்குத் திறந்து விடலாம். அந்தச் சாப்பாட்டு அறையில டாக்டர் இருந்தப்ப விருந்துதானே நடந்துச்சு?"

தலைவர் மலை மாதிரி ஆள். மெதுவாகத்தான் அசைவார், ஆனால் அசைந்தார். சோதனையாக மூன்று விருந்து. ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குப் பூட்டு.

பொருள் பாதுகாப்பு அதிகாரி தன் பங்குக்கு ஒன்று சொன்னார். எப்போதும் கழுத்தில் பூதக்கண்ணாடியோடு திரிபவர். நான் வைத்த பெயர் லென்ஸ். "அந்தப் பழைய நாற்காலி பதினாலுலயும் ஒருத்தர்கூட உட்காரக் கூடாது. நகல் செஞ்சு போடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் நானே உட்கார்ந்ததில்லை. எனக்கே சொல்கிறார்.

மார்ச் 14, சனி

தச்சர் பதினான்கு நகல்களையும் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கைப்பிடியில் தேய்ந்த பளபளப்பு, கால் அடியில் சின்னச் சின்னச் சிராய்ப்பு, எல்லாம் அப்படியே. ஒவ்வொன்றிலும் "நகல்" என்று ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"அட்டைய மட்டும் அவுத்துடாதீங்கம்மா. அப்புறம் எனக்கே குழம்பும்."

மார்ச் 20, வெள்ளி

அட்டைகளை அவிழ்த்துவிட்டேன்.

அடுத்த விருந்துகளின் அழைப்பிதழுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பழசு ஒரு வரிசை, நகல் ஒரு வரிசையாக இருபத்தெட்டையும் நிறுத்தி, அட்டையும் நூலுமாக எடுத்தால் படமா அது? ஜவுளிக்கடை மாதிரி இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பழசு எது, புதுசு எது என்று சொல்பவள் நான். படம் முடிந்ததும், பார்த்துப் பார்த்து இதுதான் பழைய வரிசை என்று பிரித்தேன். பழையவை மாடி அறைக்குப் போயின. லென்ஸ் வந்து, மாடியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, "அசல் பதினான்கும் பத்திரம்" என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பூட்டினோம்.

மார்ச் 21, சனி

முதல் விருந்து. என் நாத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெறும் விருந்து. வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் அவர் பெரிய மனது பண்ணினார். இதை இன்னும் பத்து வருடம் சொல்லிக்காட்டுவார். ஆனால் விளக்குகள் ஏற்றி, நீள மேசைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து, சிரிப்புச் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அறை சிரித்து நான் கேட்டதேயில்லை.

நாத்தனார் போகும்போது, "உங்க வீட்டு சோபாவைவிட இந்த நாற்காலி எவ்வளவோ தேவலை" என்றார். அவரிடமிருந்து இதுவே பாராட்டு.

மார்ச் 28, சனி

இரண்டாவதும் முடிந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டுக் கறை இல்லை. யாரிடம்!

ஏப்ரல் 4, சனி

மூன்றாவது. குழுவினரே விருந்தாளிகள். லென்ஸ் வாசற்படியிலேயே நின்று எல்லாருடைய தட்டையும் கண்காணித்தார். தலைவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பின்னால் சாய்ந்து, நாற்காலியை இரண்டு காலில் நிறுத்தி ஆடினார். கிரீச் என்று ஒரு சத்தம். நகல்தானே என்று நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு. ஜெயித்தாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

தச்சரைக் கூப்பிட்டு, "உங்க நாற்காலி ஒண்ணு கிரீச்சுங்குது" என்றேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் நாற்காலி கத்தாதும்மா." தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"இது என்னோடது இல்ல. நான் அடியில திருகாணி போட்டிருக்கேன். இது முழுக்க மர ஆணி."

அடுத்ததைக் கவிழ்த்தோம். மர ஆணி. அடுத்தது, அதற்கடுத்தது, பதினான்கும். மாடிக்கு ஓடி, பூட்டைத் திறந்து பார்த்தால் அங்கே அத்தனையும் திருகாணி.

மூணு விருந்து. நாப்பத்திரண்டு பேர். எல்லாரும் அசல்ல உட்கார்ந்திருக்காங்க. அந்த மலை ரெண்டு கால்ல ஆடினது அசல்ல! கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேனாம். என்ன திமிர் எனக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி அழுதேன். "பேசாம மாத்தி வெச்சிடு. தச்சர் வாய் திறக்க மாட்டார். யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். என் மேல் உள்ள அக்கறைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த அறையைத் திறக்கப்போவது நான்தானே?

ஏப்ரல் 7, செவ்வாய்

லென்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. கோபத்தைவிட, பதிவேட்டில் இருக்கும் அவருடைய கையெழுத்துதான் காரணம் என்று தோன்றியது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தார். இன்னும் முடியவில்லை. நாளையும் வருகிறாராம்.

ஏப்ரல் 10, வெள்ளி

கூட்டத்தில் நான் எழுந்து நின்று, அட்டையை அவிழ்த்தது முதல் ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது, வீட்டைத் தண்டிக்காதீர்கள் என்றேன்.

அப்போது லென்ஸ் எழுந்தார். "தப்பு அவங்களோடது மட்டும் இல்ல. நகலைப் பார்த்து அசல்னு கையெழுத்துப் போட்டது நான்." மூன்று நாள் பரிசோதனையின் அறிக்கையை வாசித்தார். புதிய கீறல் ஒன்றுகூட இல்லை. எந்தப் பொருத்தும் தளரவில்லை. அந்தக் கிரீச் சத்தம் பழைய பதிவேட்டிலேயே இருக்கிறது, நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே.

தலைவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நான் ஆடினது... டாக்டரோட நாற்காலியிலயா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். மேசை அதிரச் சிரித்தார். "நாம வெச்சதைவிடக் கஷ்டமான பரீட்சைல இந்த வீடு பாஸ் பண்ணிடுச்சே! இதுக்கு மேல எதைப் பூட்டறது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எல்லாம்! மாலை விருந்துகள் தொடரும், இனி நிஜமாகவே நகல் நாற்காலிகளில். டாக்டர் வீடு எங்கேயும் போகாது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "என்னாலதான்" என்றார். போகட்டும், இன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

இன்று பன்னிரண்டாவது விருந்து. ஆகஸ்ட் வரை இடமில்லை. நகல்களின் அடியில் தச்சர் "நகல்" என்று உளியால் செதுக்கியே விட்டார், அவிழ்க்க முடியாதபடி.

வெயில் தாழ்வதற்கு முன்னால், விருந்தாளிகள் வருவதற்குள், லென்ஸ், சுவரோரம் காட்சிக்கு வைத்திருக்கும் அசல்களுக்கு முன்னால் கட்டிய கயிற்றை விலக்கி, ஒரு அசல் நாற்காலியைத் தானே தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டார்.

"உட்காருங்க."

"நானா? நீங்கதானே ஒருத்தர்கூடக் கூடாதுன்னு..."

"உட்காருங்கன்னேன்."

உட்கார்ந்தேன். முதுகுக்கு அவ்வளவு இதம். நாத்தனார் சொன்னது சரிதான். எதிரே நீள மேசை, அதன் மேல் ஏற்றாத விளக்குகள். லென்ஸ் என்னைப் பார்க்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன்.

"அசல் நாற்காலி, எண் 1. உட்கார்ந்தவர்: இந்த வீட்டின் பொறுப்பாளர். பத்து நிமிடம். சேதம் இல்லை."