டீ ஃபோல்டர், காப்பி ஃபோல்டர்

ஜூலை 17, வியாழன்

விடிஞ்சதுலேர்ந்து சாரல். துணி காயல. ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லியாச்சு.

நேத்து குத்தாலம் மெயின் அருவி. பொம்பளைங்க பக்கம் ஒருத்தி என் முடியப் பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டு முன்னால போனா. விட்டேன் ஒரு அறை. அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். வெளிய வந்ததும் எங்க வீட்டுக்காரவுக, "ஏட்டி, குளிக்க வந்தியா, அடிக்க வந்தியா?" ரெண்டுக்குந்தான்னேன். எனக்குக் கை முந்திரும். பிறவிக்குணம்.

இன்னைக்கு வேலை: அவுக மைக் செட் லேப்டாப். இருபது வருசமா ஊர் ஊரா செட்டு கட்டுத மனுசன். பாட்டு மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம். ஒரே பாட்டு ஆறு தடவ. பாட்டுப் பேருக்குப் பின்னால எவனோ ஒருத்தன் வெப்சைட்டுப் பேரு. ‘ட்ராக் 1’, ‘ட்ராக் 2’ன்னு முந்நூறு. ஃபோல்டர் பேரு இன்னும் மோசம்: சாமி வரும். சாமி மலையேறும். தாலி. எழவு. மழை வந்தா. டீ. காப்பி. புதுசு. புது புதுசு. ரொம்பப் புதுசு.

சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி. இலஞ்சியில கல்யாண வீட்டுல குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு இருந்தவுகளுக்குப் போன் போட்டேன். நான் அடுக்கித் தாரேன்னேன்.

"தொடாத பிள்ள. எது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

தொடாதன்னா தொடாம இருக்க நான் யாரு?

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் கிண்டல. லேப்டாப்தான்.

ஒரே பாட்டு ரெண்டு இருந்தா கண்டுபிடிக்குத சாஃப்ட்வேர் ஒண்ணு இறக்கினேன். அழிக்க அழிக்க வெறி ஏறுது. எலிய அடிக்குத மாதிரி. சாயங்காலம் எட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். படம் வாரியா, பாடுனவுக வாரியா, வருச வாரியா அடுக்கியாச்சு. பேரெல்லாம் துடைச்சு வச்ச மாதிரி.

அடுத்து தாளத்த வச்சுப் பிரிச்சேன். மெதுவா ஓடுதது ஒரு பக்கம், வேகமா ஓடுதது ஒரு பக்கம். வேகமானதுல பொறுக்கி ‘ஊர்வலம்’னு ஒரு லிஸ்ட். டீயிலயும் காப்பியிலயும் இருந்ததெல்லாம் வெறும் ட்ராக், ட்ராக். அஞ்சு செகண்டு கேட்டேன். கொட்டுச் சத்தம், விசில். அதுக்கு மேல கேக்கப் பொறுமையில்ல. தூக்கி ஊர்வலத்துல போட்டேன். டீ, காப்பி ரெண்டு ஃபோல்டரையும் அழிச்சாச்சு.

கண் எரியுது. முதுகு விட்டுப் போச்சு. ஆனா கையி நிக்கல.

ஜூலை 20, ஞாயிறு

அவுகட்ட காட்டினேன். திட்டப் போறாகன்னு நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு ரெடி. கடைசில, "படிச்சவ படிச்சவதான்."

செவ்வாக்கிழம அம்மன் கோயில் கொடைக்கு ‘ஊர்வலம்’னு இருக்கத தட்டுங்க போதும், மூணு மணி நேரம் நிக்காம ஓடும்னேன். சரின்னாக. அதுக்குள்ள லோடு ஆட்டோ சுடலை வந்து வாசல்ல ஆரன் அடிச்சான். குழாய் ஏத்தப் போயிட்டாக. உள்ள என்ன இருக்குன்னு அவுகளும் பாக்கல. நானும் சொல்லல.

கறி எடுத்துக் குழம்பு. நல்லா வந்துச்சு.

ஜூலை 23, புதன். ஜி.ஹெச்.

எழுதலன்னா யாரையாச்சும் கொன்னு போடுவேன். அதனால எழுதுதேன்.

நேத்து சாயங்காலம் அஞ்சு மணி. கடையில லேமினேஷன் போட்டுக்கிட்டு இருக்கேன். சுடலை போன். "மதினி, அண்ணாச்சிய அடிச்சிட்டானுவ. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

கொடை நடந்தது கீழப்பாவூர் தாண்டி ஒரு ஊரு. வடக்குத்தெரு, தெக்குத்தெரு, ரெண்டு சாதி. அம்மன் மட்டும் பொது. ரெண்டு தெருவுக்கும் தனித்தனியா பாட்டு உண்டு. எங்க ஆளு சிங்கம், எங்கள எதுத்தவன் அசிங்கம், அந்த ரகம். இவன் பாட்ட அவன் தெருவுல போடக்கூடாதுன்னு ஏற்பாடு. இருபது வருசமா அவுக ஒரு தடவகூடத் தப்புனதில்ல.

முளைப்பாரி ஊர்வலம் தெக்குத்தெரு முக்கு திரும்பியிருக்கு. அவுக வண்டி மேல நின்னு சாஞ்ச குழாயை நிமித்திக்கிட்டு இருந்திருக்காக. வடக்குத்தெரு பாட்டு ஓடுது. நட்ட நடு முக்குல. குதிச்சு இறங்கி வயரப் பிடுங்குததுக்குள்ள முப்பது செகண்டாம்.

முப்பது செகண்டு போதும். மொதல்ல கல்லு. அப்புறம் பந்தல் கம்பு. முளைப்பாரிச் சட்டிய அப்படியே போட்டுட்டுப் பொம்பளைங்க ஓடியிருக்காக. வடக்குத்தெருக்காரனுவ அருவாளோட வந்திருக்கானுவ. தெக்குத்தெரு பையன் ஒருத்தனுக்கு முழங்கையில வெட்டு, எலும்பு தெரிஞ்சுதாம். மொத்தம் ஆறு பேருக்குக் காயம். அவுகளுக்கு இரும்புக் குழாயால இடது காது மேல ஒரே அடி. பதினோரு தையல்.

லேப்டாப்ப சுடலை மடியில வச்சுக் காப்பாத்திட்டான். படுபாவி, அதுக்கு ஒரு கீறல் கிடையாது.

என்னையப் பாத்ததும் அவுக கேட்ட மொதக் கேள்வி: "டீயையும் காப்பியையும் கலந்துட்டியா பிள்ள?"

அப்புறந்தான் சொல்லுதாக. டீன்னா தெக்குத்தெரு. காப்பின்னா வடக்குத்தெரு. தெருப் பேரப் போட்டா, லேப்டாப்புக்குள்ள எட்டிப் பாக்குத பயலுவ, அவன் பாட்டு உன்கிட்ட எதுக்கு இருக்குன்னு சண்டைக்கு வருவானுவளாம். அதனால இப்படி.

ஊர்க்காரன்கிட்ட மறைச்சீக, சரி. கட்டுன பொண்டாட்டிகிட்டயுமா மறைக்கணும்? அந்த நிமிசம் மத்த காதுலயும் ஒண்ணு விடணும்போல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. பாத்ரூம்ல போயி செவுத்துல என் தலைய நானே முட்டிக்கிட்டேன். நாலு தடவ.

எஸ்.ஐ. வந்தாரு. "லிஸ்ட் போட்டது யாருய்யா?"

"நாந்தான் சார். கை தவறிட்டு."

டிபன் கேரியரோட பக்கத்துல நின்னேன்.

வாங்க: பஞ்சு, காதுச் சொட்டு மருந்து, ஸ்ட்ரா, தெர்மாஸ் மூடி.

ஜூலை 25, வெள்ளி

வீட்டுக்கு வந்தாச்சு. மழை. கரண்டு இல்ல.

வடக்குத்தெரு பயலுவ அவுக போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கானுவ. ‘தெக்குத்தெருவையே அலற விட்ட எங்க அண்ணன்’. நாசமாப் போறவனுவ. தெக்குத்தெருக்காரன், வேணும்னே போட்டான், வடக்குக்கு விலை போயிட்டான்னு சொல்லுதான். மத்தியானம் ஒரு போன்: "ஒரு காதுதான போயிருக்கு. இன்னொண்ணு இருக்குல்லா?" நான்தான் எடுத்தேன். கெட்ட வார்த்தையில நாலு கொடுத்துட்டு வச்சேன்.

டாக்டர்: இடது காதுல ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கேக்குமா கேக்காதான்னு இப்பம் சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழம அம்மன் முன்னால ரெண்டு தெருவும் கூடுதாக. அவுக சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். லிஸ்ட்ட நானே போட்டேன், வேற ஒரு கை இதுல கிடையாதுன்னு. பண்ணுனா விட்டுருவாங்களாம்.

வேற கை இருக்கே, இந்தா, எழுதிக்கிட்டு இருக்கே.

"நீ வீட்டுல இரு. உன் பேரு அந்தக் கூட்டத்துல வரப்படாது," அவுக.

"அம்மன் முன்னால பொய்ச் சத்தியமா?"

"போட்டது என் கைதான. தட்டுனது நான்தான."

சொல்லிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாக. அந்த அம்மனுக்கு இருபது வருசமா செட்டு கட்டுன மனுசன். பொய்ச் சத்தியம் பண்ணுனா வம்சம் நிக்காதுன்னு நம்புத மனுசன். பயம். எனக்குத் தெரியும், முதுகப் பாத்தாலே தெரியுது.

சோறு இறங்கல. புளியோதரை வீணாப் போச்சு.

ஜூலை 27, ஞாயிறு

இடது கையால எழுதுதேன். எழுத்து கோழி கிண்டுன மாதிரி.

சுடலைகிட்ட சொல்லி அவன் வண்டியிலயே பின்னால போனேன். கோயில் வாசல்ல நூறு பேரு இருக்கும். போலீஸ் ரெண்டு பேரு. தட்டுல சூடம் எரியுது. தலைக் கட்டோட அவுக கையத் தூக்குதாக.

கூட்டத்த இடிச்சுக்கிட்டு உள்ள போனேன். என் கைய நீட்டுனேன். அணைக்கல. சூடத்துக்கு மேல பிடிச்சபடியே சொன்னேன்.

"லிஸ்ட் போட்டது நான். டீக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியாம கலந்தது நான். எவனும் சொல்லிப் போடல. அவுக தொடாதன்னு சொன்னாக, திமிரெடுத்துத் தொட்டேன். அடிக்கணும்னா என்னைய அடிங்க."

எல்லாம் சொல்லி முடிக்கிற மட்டும் கைய எடுக்கல. தோல் கருகுத வாடை எனக்கே வந்துச்சு. அப்புறந்தான் அணைச்சேன்.

ஒரு பொம்பள எந்திரிச்சு வந்தா. வெட்டுப்பட்ட பையனோட அம்மை. அறைஞ்சா பாரு, கண்ணுல பூச்சி பறந்துச்சு. இன்னொண்ணும் விட்டா. "என் பிள்ளைக்கு விரல மடக்க முடியலட்டி!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. நான் திருப்பிக் கொடுக்கல. வாழ்நாள்ல இதுதான் மொதத் தடவ. அவ காலுல விழுந்தேன்.

தெக்குத்தெரு பெரியவரு ஒருத்தர், "போதும், விடுங்கய்யா. பொம்பள நெருப்புல நின்னுல்லா சொல்லியிருக்கா"ன்னாரு. அடுத்த வருசமும் செட்டு அவுகதான் கட்டணுமாம். லிஸ்ட்ட ரெண்டு தெருவும் முன்கூட்டியே உக்காந்து கேட்டுருமாம்.

தென்காசி வந்ததும் மருந்துக் கடையில தீக்காய மருந்து வாங்கி அவுகளே தடவிவிட்டாக. "கூறுகெட்ட சிறுக்கி"ன்னாக. கண்ணெல்லாம் தண்ணி.

வீட்டுக்கு வந்து ஒத்தக் கையால டீ, காப்பி ரெண்டு ஃபோல்டரும் திரும்பப் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்ல நல்லவேளை எல்லாம் இருந்துச்சு. அவுக பக்கத்துல உக்காந்து எது எதுன்னு சொன்னாக. சரியா இருக்கான்னு பாக்க ‘தாலி’ ஃபோல்டர்ல ஒரு பாட்டத் தட்டுனேன். ஸ்பீக்கர் அவுகளுக்கு இடது பக்கம். மழைக்கு வலது பக்கத்து ஜன்னலச் சாத்தல, கொட்டுது. சத்தத்த எனக்கு நல்லாக் கேக்குத அளவு வச்சேன்.

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாக.

"ஏன் பிள்ள சும்மா இருக்க? போடு, கேப்போம்."

பாட்டு அப்பவே பாதி ஓடியாச்சு.