வியாழக்கிழமை மிஸ்ஸிடம் சொன்ன பொய்

என் பிரியமான ரெஜினா அக்கா,

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனையில் நம் புனர்வாழ்வு நிலையத்தில் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். பாரிசவாதத்தில் கைகால் விழுந்த நோயாளிகளைத் தூக்கி நிறுத்த இன்னோர் ஆள் வேண்டுமென்று கேட்டுக் கேட்டே களைத்தீர்களே, அப்போது காது கேட்காத மனேஜர் இப்போது, "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று விசாரிக்கிறார். பின்னேரம் கேக் வருகிறது. ஆள்தான் வரவில்லை. உங்கள் நோயாளிகளையும் நானே நடக்கப் பழக்குகிறேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் மனக்கஷ்டத்தைக் கேட்க ஓர் உளவளத்துணையாளர் வருகிறார். பெயர் சுபாஷினி. "இங்க கதைக்கிறது இந்த அறைய விட்டுப் போகாது" என்றார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இந்த நிலையத்தார்தானே? நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், இவளும் ஏலாதவள் என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "அவவுக்கு முந்தியே பிரஷர்" என்று சொன்னவர்கள்தானே இவர்கள்?

அதனால் அவரைச் சோதிக்க ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். கனடாவில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றேன். வேறு ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை; வெள்ளவத்தையில், எங்கள் வீட்டில்கூட அப்படியொரு பேச்சில்லை.

திங்கட்கிழமை மனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன மிஸ், எங்கள விட்டிட்டுக் கனடாவுக்குப் போகப்போறீங்களாம்?"

அடுத்த வியாழன் கதவைச் சாத்தியதுமே சுபாஷினியிடம் கேட்டேன். "நீங்கதானே போய்ச் சொன்னீங்க?"

அவர் முகம் வெளிறிப்போனது. "சத்தியமா இல்ல. உங்கள்ல ஒருத்தரைப் பற்றியும் நான் அவரோட கதைக்கிறதில்ல."

நான் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து அறையின் பலகைத் தடுப்புக்கு அப்பால் யாரோ இருமினார்கள். மனேஜரின் இருமல் நமக்குத் தெரியாதா அக்கா? சுபாஷினி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "வாங்க, வெளியில போவம். இனி இந்த அறையில நான் ஒருத்தரோடயும் கதைக்க மாட்டன்."

தேவாலய மதிலோரம், பஸ் ஹோர்ன் சத்தத்துக்குள் நின்று, முதன்முதலாக உங்களைப் பற்றி ஒருவரிடம் கதைத்தேன். நீங்கள் விழுந்த அன்றைக்கு நெஞ்சைப் பிடித்தபடியே, "ஒண்டுமில்லடி, இந்த ஐயாவ மட்டும் நடக்க வச்சிட்டு வாறன்" என்றீர்களே, அதையும் சொன்னேன். சொல்லி அழுதேன்.

ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில், அந்த இருமல்கூட அவர்கள் இரண்டு பேரின் ஏற்பாடாக இருக்குமோ என்று யோசித்தேன். என்னை என்ன ஆக்கிவிட்டார்கள் பார்த்தீர்களா?

மனேஜர் ஒட்டுக்கேட்ட விசயத்தை மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். "எனக்கும் டவுட்தான். அதான் வாயே திறக்கேல்ல" என்றாள் நம் மலர். நாளைக்கு எல்லாரும் சேர்ந்து மனேஜரிடம் போகிறோம். ஆள் போடும்வரை ஒரு நோயாளியையும் தனியாகத் தூக்க மாட்டோம் என்று சொல்லப்போகிறோம். வேலை போகலாம், தெரியும்.

போனாலும் ஒன்று அக்கா. உங்கள் உடம்பில்தான் பிழை இருந்தது என்று யார் எங்கே சொன்னாலும், நான் எழும்பி நின்று இல்லை என்பேன். நம்புங்கள்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
கிறிஸ்டின்