அசைந்தால் எரியும் விளக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிப் பேனாவை எடுத்தேன், எனக்கு முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுதே பொழுதைக் கழிப்போம், அதனால்தான் கடிதம். வாதம் வந்து படுத்த அப்பா கண் திறந்து பார்க்கிறார், கைகால் மட்டும் மரக்கட்டை. இனி அசைவு வருமா என்று பெரிய டாக்டரைக் கேட்டேன், ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ அங்கே பெரிய கட்டடங்களில் செய்கிற வேலையை இந்த ஆஸ்பத்திரியிலும் செய்திருக்கிறார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து ஏசியும் ஓட, அந்தக் கரண்டுக்காக எங்கோ நிலக்கரி எரிந்து உலகமே சூடேறுகிறது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாயே, வாஸ்தவம்தான். ஆனால் ஆள் அசைவைப் பார்த்து விளக்கைப் போட்டு அணைக்கிற, ஆபீசுக்குப் போடுகிற சென்சாரை அப்படியே வார்டிலும் மாட்டிவிட்டார்கள். யாரும் அசையாவிட்டால் அறை காலி என்று அதற்கு நினைப்பு. நான் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் போதும், பட்டென்று விளக்கு அணையும், அப்பா இருட்டில் விழித்துக்கொண்டு கிடப்பார். உயிரோடு இருக்கிற மனுஷனை இல்லை என்று ஒரு யந்திரம் சொல்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையை ஆட்டி ஆட்டி விளக்கை எரிய வைப்பேன், நர்ஸ் பெண் எனக்கு டிராபிக் போலீஸ் என்று பெயரே வைத்துவிட்டாள். சண்டை போட்டு, அதைக் கழற்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

நேற்று மத்தியானம் அந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தால், கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் ஜன்னல் இல்லாத தனி அறை இருட்டாக இருந்தது. நான் கதவைத் தொடக்கூட இல்லை, உள்ளே விளக்கு எரிந்தது. அப்பாவைத் தவிர உள்ளே யாருமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், போர்வைக்கு மேலே வலது கை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கழட்டட்டுமாம்மா என்று எலக்ட்ரீஷியன் ஏணியோடு நிற்கிறார். வேண்டாம்ப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அறைக்கு வேறு ஏற்பாடு செய்யும்படி உன் ஆட்களிடம் சொல். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு வீண் வாதம் வேண்டாம், இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. நான் இப்போதெல்லாம், விளக்கைப் போடுங்க பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்கிறேன். அறை இருண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்று காலையும் போட்டார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா