முதலில் நுழையும் குரல்

துவைக்கப் போடுமுன் பாடகர் குழு அங்கியின் பையைத் துழாவினேன். பனங்கற்கண்டும் மிளகும் பிசுபிசுத்து ஒட்டிப்போன பொட்டலம் ஒன்று கையில் சிக்கியது. போன தவக்காலத்தில் நீ கொடுத்தது. "வாயில அடக்கிக்கடா, பாடும்போது இருமிக்கினு நிக்காத" என்று ஒவ்வொரு பயிற்சியின்போதும் நீட்டுவாய். வாசனை ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நேற்றுதான் கச்சேரி. நம் நகரியத்து அரங்கில், உன் நினைவாகவாம். மேடைக்குப் பின்னால் பேனரில் ஆளுயரத்துக்கு உன் முகம்.

உனக்கு இருந்தது ஒரே ஆசை. வருடாவருடம் நாம் பாடும் அந்தப் பழைய ஐரோப்பியத் தேவாலய இசையில், பேஸ் என்கிற அடிக்குரலுக்கு வரும் தனிப்பாட்டை ஒரு தடவையாவது நீ பாட வேண்டும். சுரங்கத்தில் வேலை முடிந்த கையோடு வந்து நிற்பாய். லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தாய். குழுச் செயலாளர் என்ன சொன்னார்? "காண்ட்ராக்ட் ஆளை நம்பி சோலோ குடுக்க முடியுமாங்க? ஷிப்ட் மாத்திட்டா யாரு பாடுறது?" சோலோவை வாங்கிக்கொண்ட அதிகாரிதான் பாதிப் பயிற்சிக்கு வரவில்லை.

"கொரலு மட்டும் வேணும்டா இவனுங்களுக்கு, மூஞ்சி வாணாம்" என்றாய், குள்ளஞ்சாவடி பஸ்ஸுக்கு நின்றபடி. அதற்குப் பிறகும் பின்வரிசையில் நின்று பாடினாய். மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

நேற்று, ஆண்டவரிடம் இரக்கம் கேட்கும் பாட்டு வந்தது. அதில் பேஸ்தான் முதலில் நுழைய வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எங்கள் பேஸ் வரிசையில் யாரும் தாளம் எண்ணியதே இல்லை. பின்னால் நீ மூச்சிழுப்பது கேட்கும், உடனே தொடங்குவோம். நேற்றும் பழக்கதோஷத்தில் அதற்கே காத்திருந்தோம். இசையை நடத்தியவர் எங்களைப் பார்த்துக் கையை வீசினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆர்கன் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

அதை உனக்கான மௌன அஞ்சலி என்று நினைத்து அரங்கமே எழுந்து நின்றதடா. செயலாளரும் முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்லா இருந்துச்சுங்க, அடுத்த வருஷமும் இதை வெச்சுக்கலாம்" என்றார்.

இப்போது உன் கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேனரில் முகம் கிடைத்துவிட்டது அவர்களுக்கு. எனக்கு அந்த மூச்சுச் சத்தம்தான் வேண்டும், காது இன்னும் பின்பக்கமே போகிறது.